ஆமைச் சித்தரும் மணல் மூட்டையும்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது: "என் மகனுக்கு 11 வயது. டிராகன் பால் தொடரைப் பார்த்துவிட்டு, பள்ளிப் பையில் கடற்கரை மணலை நிரப்பி முதுகில் கட்டிக்கொண்டு தினமும் ஓடுகிறான். கேட்டால், ஆமைக் கிழவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார் என்கிறான். பால் ஊற்றுவதும் வயல் உழுவதும்கூடப் பயிற்சிதானாம், அது உண்மையா? அந்தக் கிழவர் நல்ல குருவா, வெறும் கோமாளியா? அந்த வயதில் ஒருவர் இளைஞர்களை ஜெயிப்பது நடக்கிற காரியமா? பையனைச் சிலம்பத்தில் சேர்த்துவிடலாமா?"

சகோதரி, முதலில் அந்த மூட்டையை அவிழ்க்கச் சொல்லுங்கள். மற்றதை ஆற அமரப் பேசலாம்.

உலர்ந்த மணல் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ தேறும். நனைந்தது இன்னும் கனக்கும். பள்ளிப் பையில் பாதி நிரப்பினாலே 10, 12 கிலோ வந்துவிடும். பை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. உங்கள் மகன் 33 கிலோ இருந்தால், மூன்றே கால் கிலோவோடு கணக்கு முடிந்தது. அதுவும் நடப்பதற்குத்தான், ஓடுவதற்கு இல்லை. அந்த வயதில் எலும்பு வளரும் இடம் இன்னும் குருத்தாகவே இருக்கிறது. போதாததற்குக் கடற்கரை சரிவானது. ஒரே திசையில் ஓடினால் கடல் பக்கத்துக் கால் எப்போதும் தாழ்ந்தே விழும். முழங்காலும் இடுப்பும் நாளடைவில் வட்டியோடு கேட்கும். வெறும் முதுகோடு ஓடட்டும். போன தூரத்தையே திரும்பி வரட்டும். மணலில் கால் புதைவதே அவன் வயதுக்குப் போதுமான பளு.

இனிக் கிழவர் விஷயம். வாலிநோக்கம் பக்கத்தில் வளர்ந்து, சிலம்பம் கற்று, இன்று அதே கரையில் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறேன். டிராகன் பாலை என் பேரன்தான் காட்டினான். முதலில் அவனைத் திட்டுவதற்காகத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவன் தூங்கிய பின்னும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அகிரா தோரியாமா 1984 முதல் 1995 வரை ஜப்பானிய வார இதழ் ஒன்றில் வரைந்த படக்கதை அது. அதில் வரும் கிழவரை உலகம் மாஸ்டர் ரோஷி என்கிறது. ஜப்பானிய மொழியில் அவருக்கு இரண்டு பெயர்கள். ஒன்று முத்தென் ரோஷி. ரோஷி என்றால் மூத்த ஆசான். ஆகவே மாஸ்டர் ரோஷி என்பது 'வாத்தியார் ஆசான்' என்பது போலத்தான், நடுசென்டர் கதை. மற்றது காமே சென்னின். காமே என்றால் ஆமை. சென்னின் என்பவர் ஊரை விட்டு ஒதுங்கி, சாவைத் தள்ளிவைத்து, மலையிலோ தீவிலோ வாழ்பவர். அதற்குத் தமிழில் புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை: ஆமைச் சித்தர். வயது 300க்கு மேல் என்கிறார். நம் பக்கத்தில் போகரைப் பற்றி நாம் சொல்லும் கணக்கோடு பார்த்தால் இது இளவயது.

அவர் குடியிருப்பது கடல் நடுவில் ஒரு துண்டுத் தீவு. ஒரே வீடு, சில மரங்கள், ஒரு பேசும் ஆமை. வீட்டுச் சுவரிலேயே ஆமை வீடு என்று பெரிதாக எழுதியிருக்கிறது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொல்லி வளர்ந்தவன் நான். அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு சிரிப்பும் உண்டு. ஆமையைப் போல ஐம்புலனையும் உள்ளே இழுத்துக்கொள் என்று பள்ளியில் நமக்குக் குறள் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த ஆமைச் சித்தரோ முதுகில் ஓட்டைச் சுமந்துகொண்டு ஐந்தில் ஒன்றைக்கூட அடக்கத் தெரியாதவர். அந்த வழக்கைக் கடைசிப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம்.

கதையில் அவர் முதலில் வருவதே ஓர் ஆமையை முன்னிட்டுத்தான். வழி தவறி ஒரு வருடமாகக் கடலைத் தேடிக்கொண்டிருந்த ஆமையைச் சிறுவன் கோகு முதுகில் சுமந்து கரை சேர்க்கிறான். அதற்கு நன்றி சொல்ல ஆமை தன் முதுகில் கிழவரை ஏற்றிக்கொண்டு வருகிறது. நம் கரைப் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி அந்நியமில்லை. மன்னார் வளைகுடாவில் கடல் ஆமை ஐந்து வகையும் உண்டு. வலையில் பங்குனி ஆமையோ பேராமையோ ஏறினால் வலையை அறுத்தாவது விட்டுவிட வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர்கள் அவை. முழு வளர்ச்சி பெற்ற பங்குனி ஆமை 35 முதல் 50 கிலோ வரை இருக்கும். கோகுவைப் போலத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. உங்கள் மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: கிழவர் கழற்றி மாட்டுவது போல ஓட்டை எந்த ஆமையும் கழற்ற முடியாது. அதன் முதுகெலும்பும் விலா எலும்பும் ஓட்டோடு ஒட்டி ஒன்றாக வளர்ந்தவை.

பால் ஊற்றுவதும் வயல் உழுவதும் பயிற்சியா என்பதற்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கோகுவும் கிரில்லின் என்ற இன்னொரு சிறுவனும் கிழவரிடம் சண்டை கற்க வந்திருக்கிறார்கள். கிழவர் ஒரு குத்துகூடச் சொல்லித்தரவில்லை. விடியுமுன் எழுப்பிப் பால் பெட்டியைக் கையில் கொடுத்து ஊர் முழுக்க நடையும் ஓட்டமுமாக அனுப்புகிறார். மரங்களுக்கு இடையே வளைந்து வளைந்து போக வேண்டும், படி ஏற வேண்டும், ஓடும் ஆற்றைக் கடக்க வேண்டும். பிறகு வெறுங்கையால் வயலைக் கிளற வேண்டும். பிறகு படிப்பு. சாப்பிட்டதும் கட்டாயத் தூக்கம். பிற்பகலில் கட்டட வேலை, அப்புறம் சுறா இருக்கும் நீரில் நீச்சல். கடைசியாக இடுப்பில் கயிறு கட்டி மரத்தில் பிணைத்து, தேன்கூட்டைக் கலைத்துவிட்டு, கொட்டாமல் தப்பித்துக்கொள் என்கிறார். முதல் நாள் முடிந்து பிள்ளைகள் சுருண்டு விழுந்ததும், நாளை முதல் இதையே 20 கிலோ ஓட்டைச் சுமந்துகொண்டு செய்ய வேண்டும் என்கிறார். பின்னர் அது 40 கிலோ ஆகிறது. சுமார் 8 மாதம் இப்படியே போகிறது. கடைசியில் ஓட்டைக் கழற்றிக் குதிக்கச் சொன்னால் பிள்ளைகள் வானத்துக்குப் போய்விடுகிறார்கள்.

வானத்துக்குப் போவது கதை. மீதி அத்தனையும் எனக்குத் தெரிந்த விஷயம்.

என் ஆசான் தென்கடலில் சங்கு குளித்தவர். அவரிடம் நான் சேர்ந்தபோது எனக்கு 14 வயது. கையில் கம்பு வந்தது ஏழு மாதம் கழித்து. அதுவரை கரைவலைதான். ஆசானின் அண்ணனுக்குக் கரைவலை இருந்தது. இருட்டோடு போய்க் கயிற்றைப் பிடிக்க வேண்டும். கயிற்றை இடுப்போடு சேர்த்துக் கொடுத்து, முகம் கடலைப் பார்க்க, கரை நோக்கிப் பின்னால் பின்னால் நடக்க வேண்டும். விரல் நுனியில் நின்றால் வலை உங்களைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போய்விடும். முதலில் குதிகால் மணலில் இறங்க வேண்டும், பிறகு பாதம், அதற்குப் பிறகுதான் உடம்பின் கனம். முழங்கால் விறைத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பக்கத்து ஆள் சாய்கிறபோது நாமும் சாய வேண்டும், அவர் மூச்சு விடும்போது விட வேண்டும். வலையின் மடி கரை ஏறுவதற்குள் கயிற்று நார் உள்ளங்கையைப் பிளந்துவிடும். உப்புத் தண்ணீர் பட்டால் கண்ணில் நட்சத்திரம் தெரியும். அப்புறம் வீட்டுக்கு ஓடிப் பள்ளிக்கூடம்.

ஏழு மாதம் கழித்து ஒரு மாலை கம்பைக் கையில் கொடுத்து, "என்னைப் பார்த்துக்கொண்டே மூன்று அடி பின்னால் போ" என்றார். போனேன். "பின்காலடி உனக்கு வந்துவிட்டது. முன்காலடியை மட்டும் சொல்லித்தருகிறேன்" என்றார். சிலம்பத்தில் பாதி வித்தை பின்காலடியில் இருக்கிறது. அடிக்க ஆசைப்பட்டு முன்னே பாய எல்லாருக்கும் தெரியும். அடி வரும்போது எதிரியிலிருந்து கண்ணை எடுக்காமல், சமநிலை குலையாமல் பின்வாங்குவது வாய்ச்சொல்லால் வராது.

இதில் ஆசானைப் புனிதராக்கவும் எனக்கு விருப்பமில்லை. அண்ணன் வலைக்கு ஆள் தட்டுப்பாடு என்பதும் உண்மை. எங்கள் ஏழு பேரின் உழைப்பு அந்தக் குடும்பத்துக்குத் தேவையாக இருந்தது. ஆனால் மீனில் எங்களுக்கும் பங்கு வைத்தார்கள், ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆசானின் வீட்டைப் பெருக்குவதும் மாட்டைக் குளிப்பாட்டுவதும் பயிற்சிதான் என்று சொல்லும் ஆள்கள் உண்டு. அந்த வேலை எந்தக் காலடியாக, எந்த வீச்சாக மாறுகிறது என்று ஒரு வருடத்துக்குள் காட்ட முடியாவிட்டால் அது வேலை வாங்குதல், அவ்வளவுதான். ரோஷி கணக்காகக் காட்டிவிடுகிறார்: வளைந்து ஓடியது காலுக்கு, வயல் கிளறியது தோளுக்கு, தேனீ கண்ணுக்கு.

தேனீக்குப் பதில் எங்கள் ஆசான் வைத்திருந்தது வலையில் கட்டும் மிதவைகள். மணலில் ஒரு வட்டம் போட்டு எங்களை நிறுத்தி, மூன்று பக்கமிருந்தும் வீசச் சொல்வார். வட்டத்தை விட்டு வெளியே கால் வைக்கக்கூடாது, கம்பும் கிடையாது. மிதவை பட்டால் வலிக்காது. சுற்றி நிற்பவர்கள் சிரிப்பதுதான் வலிக்கும்.

அந்தப் பகுதியில் இன்னொரு சம்பவம். கிழவர் ஒரு கல்லில் ஆமை என்று எழுதிக் காட்டுக்குள் எறிகிறார். கண்டுபிடித்தவனுக்கு மட்டும் இரவுச் சாப்பாடு. கிரில்லின் தந்திரம் செய்து கல்லைத் தட்டிக்கொள்கிறான். சமைத்த மீனோ நச்சு மீன், நம் ஊரில் வலையில் வந்தால் கரையிலேயே விசிறி எறியும் பேத்தை வகை. ஜெயித்தவனும் தின்ற கிழவரும் படுக்கையில் விழ, பட்டினி கிடந்த கோகு மட்டும் கல்லுக்குண்டாக எழுந்து நிற்கிறான். எல்லாம் தெரிந்த குரு என்று ஒருவரை வரைந்துவிட்டு, அவருக்குப் பேத்தையை அடையாளம் தெரியவில்லை என்று எழுத ஒரு குறும்பு வேண்டும்.

கிழவர் இளைஞனை ஜெயிப்பது நடக்குமா?

நடக்கும், ஒரு எல்லை வரை. தசை 30 வயதிலிருந்தே கரையத் தொடங்குகிறது. பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். 60க்கு மேல் இன்னும் வேகம். அதிலும் முதலில் மெலிவது சட்டென்று பாயும் தசைநார்கள். ஆகவே பளு தூக்கும் வலு ஓரளவு இருக்கும்போதே பாய்ச்சல் போய்விடும். இதை எந்தச் சித்தராலும் ஏமாற்ற முடியாது. ஆனால் சண்டையில் வேகம் என்பது கை வேகம் மட்டும் கிடையாது. கண் பார்த்ததற்குக் கை அசைய இளைஞனுக்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நொடி பிடிக்கிறது. கம்பின் நுனியைப் பார்த்துவிட்டு அசைபவன் எந்த வயதிலும் தாமதம்தான். தோளையும் இடுப்பையும் பார்ப்பவனுக்குக் கம்பு கிளம்புமுன்பே சேதி வந்துவிடும்.

என் ஆசானுக்குக் காது மந்தம். சங்கு குளித்த பலருக்கும் இருந்த குறைதான், ஆழத்தில் நீரின் அழுத்தம் செவிப்பறையைப் பதம் பார்த்துவிடும். பேசுகிறவரின் உதட்டையும் கழுத்தையும் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். ஊரில் அவருக்கு ஏதோ சித்து வேலை தெரியும் என்று ஒரு பேச்சு இருந்தது. அடிக்குமுன்பே அடி எங்கே வரும் என்று அவருக்குத் தெரியும் என்பார்கள். காதுகேளாதவர் வாழ்நாள் முழுவதும் மனித உடம்பைப் படித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் அந்தச் சித்து.

எனக்கு 20 வயது இருக்கும்போது ஒருநாள் அவரோடு கம்பு தொட்டேன். அவருக்கு 68. இரண்டு கம்பின் நுனியிலும் அடுப்புச் சாம்பலைக் குழைத்துப் பூசினோம், பட்ட இடம் தெரிவதற்காக. நான் பாய்ந்தேன், சுற்றினேன், வாரினேன். என் வீச்சு எல்லாமே காற்றில் போனது. அவர் நகர்ந்தது ஒரு பாய் விரிக்கும் இடத்துக்குள்தான். நான் வலது தோளைத் தூக்கும்போதெல்லாம் அவருடைய கம்பு என் இடது மணிக்கட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. ஓங்கி அடித்தது போலவும் இல்லை, கதவைத் தட்டுவது போல வந்தது. விலாவில் ஒன்று. கடைசியாகப் புருவ மத்தியில் ஒரு பொட்டு. நெற்றியில் பொட்டு வைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

பிறகு அவர் படகு நிழலில் உட்கார்ந்தார். பத்து நிமிடம் பேச்சு வரவில்லை, மார்பு துருத்தியாக ஏறி இறங்கியது. மூச்சு வந்ததும் அவர் சொன்னது இது: "இன்னும் இரண்டு நிமிடம் நீ தாக்குப்பிடித்திருந்தால் நான் விழுந்திருப்பேன். அதனால்தான் அவசரமாக முடித்தேன்."

கிழ ஆசான்களைப் பற்றி எவர் கதை எழுதினாலும் இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிடுகிறார்கள். தோரியாமா விடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கதைக்கு வெளியேயும் ஆள்கள் இருக்கிறார்கள். ஜூடோவில் 10ஆம் டான் என்ற உச்சப் படியைப் பெற்ற மிஃபுனே கியூஸோ (1883-1965) முதுமையில் இளைஞர்களைப் பந்தாடும் படச்சுருள்கள் இன்றும் கிடைக்கின்றன. பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: எதிரே விழுபவர்கள் மாணவர்கள், குருவின் மேல் மரியாதை உள்ளவர்கள், செயல்விளக்கம் வேறு, போட்டி வேறு. அப்படியும் அந்தக் கால்கள் பொய் சொல்லவில்லை. கேரளத்து வடகரையில் களரி கற்பிக்கும் மீனாட்சி அம்மா 70 வயதைத் தாண்டியும் களத்தில் வாளோடு நின்றவர். 2017இல் பத்மஸ்ரீ பெற்றார். வீடியோ விளையாட்டுகளிலும் இந்தக் கிழவர்களுக்குக் குறைவில்லை. வெர்ச்சுவா ஃபைட்டர் விளையாட்டில் ஷுன் டி என்று ஒருவர், குடிக்கக் குடிக்கப் பலம் கூடும். எங்கள் ஊரில் அதை நம்பிக் கெட்டவர்கள் பலர் இருப்பதால் மேலே பேசவில்லை.

இப்போது ரோஷி ஏன் நல்ல குரு என்பதற்கு வருகிறேன். என் கணக்கில் பாலும் வயலும் அதற்குப் பாதிக் காரணம்தான்.

பயிற்சி முடிந்து பிள்ளைகள் உலகப் போட்டிக்குப் போகிறார்கள். அங்கே ஜாக்கி சுன் என்று ஒரு கிழவர் வருகிறார். நடிகர் ஜாக்கி சானின் பெயரைத் திரித்து வைத்த பெயர். பொய் முடி வைத்துக்கொண்டு வந்திருக்கும் ரோஷிதான் அது. இறுதிப் போட்டியில் கோகுவும் அவரும் மோதி, இருவருமே சக்தியற்றுப் போய், ஒரே நேரத்தில் உதைத்துக்கொண்டு விழுகிறார்கள். கோகுவின் கால் சற்றுக் குட்டை. கிழவர் ஒரு நொடி முன்னால் எழுந்துவிடுகிறார். நான் மேலே சொன்ன பத்து நிமிடம் அங்கே வரைந்திருக்கிறது: வென்றவர் நிற்கவே தடுமாறுகிறார்.

முகமூடி எதற்கு? இளம் பிள்ளைகள் முதல் போட்டியிலேயே பட்டம் வாங்கிவிட்டால், உலகத்தில் இதற்கு மேல் ஆளில்லை என்று உட்கார்ந்துவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. குருவாகவே வந்து வென்றால், குருதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். ஊர் பேர் தெரியாத ஒரு கிழவனிடம் தோற்றால்தான் உறைக்கும். அந்த வெற்றியின் பெருமையையும் அவர் தன் பெயரில் எழுதிக்கொள்ளவில்லை.

3 ஆண்டுக்குப் பிறகு அடுத்த போட்டி. அதே வேடத்தில் மீண்டும் வருகிறார். அரையிறுதியில் எதிரே நிற்பவன் டென். ரோஷியின் பழைய போட்டியாளரான கொக்குச் சித்தரிடம், கொல்வதே வித்தை என்று கற்று வந்தவன். நடு ஆட்டத்தில் கிழவர் அவனை எடைபோட்டுவிட்டு, அவனிடம் சில நல்ல வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, தானாகவே மேடையை விட்டு இறங்கிவிடுகிறார். இனி உங்கள் காலம் என்று. அடி வாங்கித் தோற்கவில்லை, அடித்து ஜெயிக்கவும் முனையவில்லை. முதல் முறை ஜெயிக்க வேண்டிய நாள், இரண்டாவது முறை இறங்க வேண்டிய நாள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆசான்கள் மிகக் குறைவு. நான் பார்த்த பலர் ஒன்று முதல் நாளிலேயே மாணவனிடம் விட்டுக்கொடுத்து அவனைக் கெடுத்தார்கள், இல்லாவிட்டால் கடைசிவரை மேடையைப் பிடித்துக்கொண்டு தாங்களும் சிரிப்புக்கு ஆளானார்கள்.

இன்னொன்று. காமேஹாமேஹா என்ற அந்த ஒளிவீச்சை உருவாக்க ரோஷிக்கு 50 ஆண்டு பிடித்தது. கோகு ஒருமுறை பார்த்துவிட்டு அங்கேயே செய்து காட்டுகிறான், சிறிய அளவில். (பெயர் ஹவாய் அரசர் ஒருவருடையது, தோரியாமாவின் மனைவி சொன்ன யோசனை.) அரை நூற்றாண்டு உழைப்பை ஒரு பொடியன் கண்முன்னே எடுத்துக்கொண்டால் வயிறு எரியாதா? கிழவர் அசந்துபோகிறார், பிறகு அவனையே மாணவனாகச் சேர்த்துக்கொள்கிறார். நம் பக்கத்து ஆசான்களிடம் கடைசி அடிவரிசையை ஒளித்துவைக்கும் பழக்கம் உண்டு. மாணவன் மிஞ்சிவிடுவான் என்ற பயம் ஒரு பாதி, தவறானவன் கையில் போய்விடும் என்ற கவலை மறு பாதி. இரண்டாவதை நான் குறை சொல்ல மாட்டேன். வர்மத்தில் 108 புள்ளிகள்: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அதைச் சந்தையில் கூவி விற்க முடியாது. பக்கத்துச் சிவகங்கைச் சீமையில் நடந்ததும் நமக்குத் தெரியும். 1790களில் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷுக்குச் சின்ன மருது ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தார்; வெல்ஷ் தானே எழுதிவைத்திருக்கிறார். 1801இல் அதே வெல்ஷ், மருதுவுக்கு எதிரான படையில் இருந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். இருந்தாலும் பயத்தில் ஒளித்துவைத்த வித்தை ஆசானோடு சேர்ந்து மண்ணுக்குள் போய்விட்டது. எத்தனை வரிசைகள் அப்படிப் போயினவோ.

தள்ளிவைத்த வழக்கை இப்போது எடுக்கிறேன். ரோஷி பெண்கள் விஷயத்தில் அருவருப்பானவர். மாணவனாகச் சேர வந்தவர்களிடம் ஒரு பெண்ணைக் கூட்டிவா என்று கேட்கிறார். ஒளிந்து பார்ப்பது, தொட முயல்வது எல்லாம் நகைச்சுவை என்ற பெயரில் வருகிறது. முற்றும் துறந்த முனிவரைத் தலைகீழாக்கிச் சிரிக்க வைப்பது படைப்பாளியின் நோக்கம், எனக்குப் புரிகிறது. 1980களில் பையன்களுக்கான இதழ் அது, அதுவும் புரிகிறது. ஆனால் என் பயிற்சிக் களத்தில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். ஓர் ஆசான் அப்படி நடந்துகொண்டால் அவருடைய வித்தை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கம்பைப் பிடுங்கிவிட்டு ஊரை விட்டு அனுப்ப வேண்டும். உங்கள் மகனிடம் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஒரே ஆளிடம் கற்க வேண்டியதும் இருக்கும், காறித் துப்ப வேண்டியதும் இருக்கும். 11 வயதுக்கு அது புரியும், நாம் நினைப்பதைவிட நன்றாகவே புரியும்.

சிலம்பத்தில் சேர்க்கலாமா? தாராளமாக. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. கம்பு சுற்றுவது வேலையற்றவன் வேலை என்ற பேச்சு ஒழிந்துவருகிறது. ஆனால் ஆசானைப் பார்த்துச் சேருங்கள். ஒரு மாலை முழுவதும் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். சின்னப் பிள்ளை தவறு செய்யும்போது அவர் கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். முதல் வாரமே சுருள்வாளும் தீப்பந்தமும் கொடுத்து மேடை ஏற்றுபவர் வேண்டாம். விரலால் தொட்டு ஆளை வீழ்த்துவேன் என்பவர் வேண்டவே வேண்டாம்.

என் ஆசான் மேடை இறங்கிய நாளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பொங்கலுக்கு ஊர்க் களத்தில் அவரையும் என்னையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவருக்கு அது கேட்டிருக்காது. குரு வணக்கம் செய்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் என் தோளைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார், காலைப் பார்த்தார். அரை நிமிடம் இருக்கும். பிறகு கம்பை என் கையில் வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற சின்னப் பையனைக் காட்டி, "அவனோடு ஆடு, மெதுவாக ஆடு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டார். கூட்டத்துக்கு ஏமாற்றம்தான். ரோஷி மேடையை விட்டு இறங்கும் காட்சியைப் பேரனோடு பார்த்தபோது நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

உங்கள் மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உங்கள் பக்கத்து ஆசான் ஒருவரிடம் அழைத்துப் போங்கள். கம்பு இப்போது வாங்க வேண்டாம். நல்ல ஆசானாக இருந்தால் முதல் ஆறு மாதம் அது தேவைப்படாது.